தேன் கால்

இரண்டாவது கேக்கும் நடுவில் குழிந்துவிட்டது.

மேலே கருகல். உள்ளே பிசுபிசுப்பு. அவள் கத்தியை உருவியபோது அது கேக்கையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்தது.

முதல் கேக் வேறு விதம். ஒரு துண்டு தின்றால் ஒரு செம்புத் தண்ணீர் கேட்கும் வறட்சி.

மஸ்கட்டிலிருந்து அக்கா அனுப்பியிருந்த குரல் செய்தியை மறுபடியும் ஓட்டினாள்.

"மைதா கால் கிலோ, சீனி நூறு கிராம், முட்டை நாலு, தேன் கால்..."

தேன் கால்.

கால் என்ன? கிலோவா, லிட்டரா?

தண்ணீராக இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. கால் லிட்டர் தண்ணீர், கால் கிலோ. முடிந்தது கதை. தேனுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. கால் லிட்டர் அளந்து தராசில் வைத்தால் முந்நூற்றைம்பது கிராம் காட்டுகிறது. கால் கிலோவை எடைபோட்டுக் கோப்பையில் ஊற்றினால் நூற்றெண்பது மில்லியைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

எடைபோட்டு ஊற்றியது வறண்டது. அளந்து ஊற்றியது குழிந்தது.

அடுக்களை வாசலில் நின்று அவள் கணவன் பிபின் சிரித்தான்.

"காலுக்கும் காலுக்கும் என்னட்டி வித்தியாசம்?"

"நூறு கிராம். போய் உங்க சோலியப் பாருங்க."

தெருவுக்குத் தெரு தேன் விற்கிற மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு தேனிடம் தோற்பதா?

நாளைக் காலை அக்கா மகள் ஜோஷ்னாவுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாய் நற்கருணை வாங்கும் நாள். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை அழவில்லை. அம்மா போடும் தேன் கேக் மட்டும் வேண்டும் என்றாள். "அத நான் பாத்துக்கிடுதேன்" என்று அக்காவிடம் பெரிய மனுஷியாய்ச் சொன்னது இவள்தான்.

அதனால்தான் போன் செய்யக் கை வரவில்லை.

ஜோஷ்னா உள்ளே வந்தாள். கேக்கின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு சித்தி."

அந்த 'தான்'.

சித்தி கேக்கைத் தட்டோடு குப்பைவாளியில் கவிழ்த்தாள். நாலு முட்டையை உடைத்தாள். மூன்றாவது முறையாக மாவைக் கலந்தாள். தேன் சேர்க்கவேண்டிய இடம் வந்ததும் வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டாள்.

நர்ஸ் உடுப்பில் இருந்தாள் அக்கா.

"கிலோவா லிட்டரா, ஒண்ணச் சொல்லுக்கா. மண்ட காயுது எனக்கு."

"எனக்கெப்படித் தெரியும்?"

"பின்ன என்னத்துக்குக் கால்னு சொன்ன?"

"குத்துமதிப்பாச் சொன்னதுட்டி. நான் என்னைக்கு அளந்தேன்? குப்பியச் சரிக்கது நீ. நான் மாவக் கிண்டிக்கிட்டே பாப்பேன். போதும்னு சொல்லுவேன். நீ நிறுத்துவ."

ஆமாம். அப்படித்தான்.

அவள் தராசைத் தள்ளிவைத்தாள். கோப்பையையும். மாவுப் பாத்திரம் தெரியும்படி போனைச் சீனி டப்பாமேல் சாய்த்தாள். கிண்டுவதற்கு ஆள் வேண்டும். கரண்டியை ஜோஷ்னாவிடம் கொடுத்தாள்.

பிள்ளை கிண்டத் தொடங்கினாள். நெற்றியில் மாவு.

சித்தி குப்பியைச் சரித்தாள். தேன் தடித்த நூலாக இறங்கியது.

"பாத்துச் சொல்லுக்கா."

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேன் மடிந்து மடிந்து விழுந்தது. மாவு நிறம் மாறியது.

"அக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

திரையில் அக்காவின் கண்கள் பாத்திரத்தில் இல்லை, கிண்டுகிற பிள்ளைமேல் இருந்தன.

அவள் குப்பியை நிமிர்த்தவில்லை.