யாருடைய கோல்?

“இன்னிக்கி யாரு பேர்ல ஆடுறீங்க?” என்று கேட்டாள் பொற்கொடி.

ஒவ்வொரு ஹாக்கி ஆட்டத்துக்கும் முன்னால் புருஷனிடம் கேட்பதுதான். இளவழகன் காலுறைக்குள் பாதுகாப்புப் பேடைச் செருகிக்கொண்டே சிரித்தார்.

“என் பேர்லதான்டி. லிஸ்ட்ட பாத்துட்டுதான் வரேன்.”

பதினாறு வருடம், ஒன்பது அணிகள். இந்த வாரம் பண்ருட்டிக்கு, அடுத்த வாரம் சேத்தியாத்தோப்புக்கு. எங்கே ஃபார்வர்டு குறைகிறதோ அங்கே மட்டையோடு போய் நிற்பார். ஆட்டக்காரர் பட்டியலை முன்பே கொடுத்துவிடுவார்கள்; வராதவன் பெயரில்தான் இறங்க வேண்டும். டவுன்ஷிப்பின் இருபத்தோராம் பிளாக் அணிக்கு மட்டும் ஐந்து வருடம், சுரங்க ஷிப்டை விட்டு வர முடியாத துரைராஜின் பெயரில் ஆடினார்.

2014 பொங்கல் போட்டியில்தான் முத்தாண்டிக்குப்பம் அணி அவர் பெயரையே எழுதியது. இறுதி ஆட்டம் வரை வந்தும் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை.

மைக்கில் ஒரு தடவை அந்தப் பெயரைக் கேட்டுவிட வேண்டும். கயிற்றோரம் நின்ற பொற்கொடிக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஒன்றுக்கு ஒன்று. வலது ஓரத்தில் பந்தை வாங்கியவர் இரண்டு பேரைத் தாண்டினார். நாற்பது வயதுக் கால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோல்கீப்பர் ஒரு பக்கம் விழ, மறுபக்கம் கோல் பலகை டம்மென்று அதிர்ந்தது.

மைதானமே எழுந்து நின்றது.

“கோல்! அடித்தவர் துரைராஜ்!” என்றது மைக். ஐந்து வருடம் சொல்லிப் பழகிய வாய்.

பொற்கொடி மேடைப் பக்கம் திரும்பினாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் மேடைக்குத் தாவி மைக்கைப் பிடுங்கினார்.

“யோவ், துரைராஜ் நான்தான்யா! கடல தின்னுகினு இங்க ஒக்காந்திருக்கேன். அடிச்சது இளவழகன்! இளவழகன்யா!”

ஒரே சிரிப்பு. பிறகு சிரித்த வாயெல்லாம் அந்தப் பெயரைக் கத்தின. எதிரணிக்காரர்களும் கத்தினார்கள்.

இளவழகன் நடுக்கோட்டில் நின்று முழுதும் கேட்டார். பொற்கொடி பக்கம் திரும்பி மட்டையை உயர்த்தினார்.

பிறகு மண்டியிட்டார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

சந்தோஷத்தில் படுத்திருக்கிறார் என்றுதான் அவளும் நினைத்தாள். எல்லோரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

ஆட்டத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. வேறொரு நாள் ஆடி முடிக்கக் கூப்பிட்டார்கள். தோற்றுக்கொண்டிருந்த அணி வரவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தை இதுவரை யாரும் ஆடவில்லை.