கைகள் எழும்போது

பாடாங் செராயில் டயர் கடைக்கு மேலே இருக்கும் தியான வகுப்பறையில் நாங்கள் ஆறு பேர் பாயில் மல்லாந்து படுத்திருக்கிறோம். மாலை வெயில் என் முழங்கால் வரை வந்து நிற்கிறது. கீழே யாரோ சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். "உடம்ப லூசா விடுங்க. தளந்தாத்தான் சக்தி எறங்கும், அவசரப்படாதீங்க லா," என்கிறார் சசிதரன் மாஸ்டர். பாதம், முட்டி, இடுப்பு என்று அவர் சொன்ன வரிசையிலேயே தளர்த்திக்கொண்டு வருகிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை. தோள்களை விட்டதும் கைகள் பாயிலிருந்து எழும்புகின்றன. நான் தூக்கவில்லை. இறக்கப் பார்க்கிறேன், இறங்கவில்லை. விரல்கள் தனித்தனியாக நடுங்குகின்றன. "பாத்தீங்களா, சக்தி!" என்று மாஸ்டர் பூரித்துப்போகிறார். பக்கத்துப் பாயில் வாசுகி அக்கா மெல்ல எழுந்து உட்காருகிறார். ரப்பர் தோட்டத்துக் கோயிலில் சாமி வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். எப்போதும் என்னை "ஏய் குட்டச்சி" என்று கூப்பிடுகிறவர், இப்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்புகிறார். "யாரு வந்திருக்கீங்க? பேரச் சொல்லுங்க," என்கிறார். நான்தான் அக்கா என்று சொன்னால் போதும். சொல் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதே சொல்தான் வெளியே வருமா என்று தெரியாமல் பற்களைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.