ஏணிக்குச் சொல்லும் வார்த்தை

"'ஸ்டர்டி'ன்னா என்ன அர்த்தம்க்கா? திட்டற வார்த்தையா?"

"சேச்சே! உறுதியானது, லேசுல உடையாததுன்னு அர்த்தம். ஏணி, மேசை, பூட்ஸ், இதுக்கெல்லாம் சொல்லுவாங்க." தட்டச்சுக் கடைக்காரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆளுக்குச் சொல்லலாமா?"

"தாராளமா. கட்டுமஸ்தான உடம்பு, சளைக்காம உழைப்பார்னு அர்த்தம்."

கேட்டவன் ஒரு வெல்டர். அவன் வேலை பார்க்கும் பட்டறையில் மேற்பார்வையாளர் இடம் காலி. போட்டிக்கு இரண்டே பேர்: அவனும், பதினோரு வருடமாக ஒரே இரும்பின் மறுமுனையைப் பிடித்து நின்ற கூட்டாளியும். முதலாளியின் வழக்கமோ விசித்திரமானது. ஒருவரைப் பற்றி மற்றவர்தான் எழுதித் தர வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில்.

அவனுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"அப்போ அதையே போடுங்கக்கா. ஸ்டர்டியான ஆள், நல்லா பாரம் தூக்குவார். அவ்வளவுதான்."

"மேற்பார்வை வேலைக்குன்னு சொன்னீங்களே தம்பி? படிக்கிறவங்க இவருக்குக் கை கால் இருக்கு, மூளை இல்லைன்னுல்ல நினைப்பாங்க? அவங்க ஆளை எடுக்கறாங்களா, ஏணி வாங்கறாங்களா?"

அவன் காதுமடல் சுட்டது. நெருப்புக்காவது முகமூடி உண்டு. அவள் பார்வைக்கு எதை மாட்டிக்கொள்வது?

"பொய் ஒண்ணும் எழுதலையேக்கா. பலசாலிதானே அவன்!"

"பொய் இல்லைதான்..." என்று இழுத்தாள். "பொறுமைசாலி, நாலு பேரை அனுசரிச்சு வேலை வாங்குவார், இப்படி ஏதாவது சேர்க்கட்டுமா?"

அத்தனையும் உண்மை. கூட்டாளி குரலை உயர்த்தி இவன் கேட்டதே இல்லை. போன மாதம் இவன் அடித்த வெல்டிங் கோணலாகப் போனபோது, சத்தமில்லாமல் தேய்த்துச் சரிசெய்ததும் அவன்தான்.

"வேண்டாம்க்கா." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "இதுவே போதும்."

விசைகள் படபடத்தன. ஒவ்வொரு தட்டும் தன் தலையில் விழும் குட்டு போல இருந்தது அவனுக்கு.

"முடிஞ்சுது. ஆளோட பேரைச் சொல்லுங்க, மேலே போட்டுடறேன்."

தரையைப் பார்த்தபடி சொன்னான்.

விசைமேல் அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"அட, இவரா? இவர் காலைலயே வந்து, போட்டியிலேருந்து விலகிக்கறேன்னு முதலாளிக்குக் கடிதம் அடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாரே தம்பி! 'என் கூட்டாளிக்கு வெல்டிங் வெளிச்சத்துல கண்ணு மங்கிட்டே வருதுக்கா, வெளியே சொல்லக் கூச்சப்படறான், மேற்பார்வை வேலைக்கு மாறினாதான் பார்வை மிஞ்சும்'னு சொல்லிட்டு, கண் கலங்கிட்டார் மனுஷன்."