ஒரு சொட்டுப் பால்

சோலைக்காட்டில் மூன்று வருடமாக எலிக் கணக்கெடுக்கும் பூங்கோதையின் பொறியில் அன்று காலை உட்கார்ந்திருந்தது, கடல் தாண்டிய குளிர்நாட்டின் எலி. செம்பட்டை மயிர், சுண்டுவிரல் நீள வால், சந்தேகமே இல்லை. "நஞ்சி, இந்த மலையில இத மொதல்ல பாத்தது நாமதான்!" என்று குதித்தாள்.

பொறி வைக்கும் நஞ்சி அதைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்தாள். ஆணா பெண்ணா என்று அறியப் புரட்டியவள், வயிற்றை மெல்ல அழுத்தினாள். காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு திரண்டது.

"குட்டி போட்டிருக்குங்க மேடம். இங்க குடித்தனம் பண்ண ஆரம்பிச்சு எத்தன நாளாச்சோ!"

பூங்கோதைக்குப் புல்லரித்தது. இது பெருகினால் சோலையின் சொந்த எலிகளுக்கு இடமிருக்காது என்பதும் கூடவே உறைத்தது.

"பால் குடுக்கற எலிய, குட்டிங்க பட்டினி கெடக்காம ஒடனே வெளிய விட்டுரணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?" என்று நஞ்சி பையை நீட்டினாள்.

பை துள்ளியது. பூங்கோதை அதை இரு கைகளாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் துணி பாலில் மெல்ல ஈரமானது.