கோணல் வரிசை

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

தூங்கவில்லை.

பொன்மலை ரயில்வே பணிமனையில் மதியச் சங்கு ஊதி அடங்கியது. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. இனி மனைவி பிலோமினா வருவாள். வந்துதான் ஆகவேண்டும்.

தலைமாட்டு ஸ்டூலில் அந்தப் பின்னல் கிடந்தது. நீல நிற உல்லன் நூல். அதில் செருகிய கொக்கி ஊசி. மப்ளரா, மேசைவிரிப்பா என்று இன்னும் முடிவாகாத ஒரு பட்டை.

பக்கவாதம் வந்து வலது கை துவண்ட பிறகு, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பெண் வாங்கிக் கொடுத்தது. "குரோஷா பழகுங்க சார். விரலுக்கு நல்லது."

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனுஷன். பின்னல் ஊசியா?

முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் வீம்பு வந்துவிட்டது. நூலை ஊசியில் சுற்ற வேண்டும். கண்ணிக்குள் விட்டு இழுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கே காலைப்பொழுது போய்விடும். ஊசி நழுவும். கண்ணி அவிழும். வியர்வையில் பனியன் நனைந்துவிடும்.

ஆனாலும் பின்னல் வளர்ந்தது.

அவர் பின்னியதைவிட வேகமாக.

அங்கேதான் அவருக்கு இடித்தது.

சில வரிசைகள் கோடு போட்ட மாதிரி ஓடின. சில வரிசைகள் ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் தொய்ந்து, குடிகாரன் தெருவைக் கடப்பது மாதிரி இருந்தன. நோய்க்குப் பிறகு அவருக்கு நினைவும் நம்பும்படி இல்லை. காலையில் செய்தது மதியத்துக்குள் கலங்கிவிடும். இருந்தாலும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோணல் இவருடையது. நேர் அவளுடையது.

சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். மீனுக்கு முள் எடுத்துத் தருகிறாள். அதெல்லாம் இவர் பார்க்கச் செய்வது. இது இவர் தூங்கும்போது செய்வது.

போன வாரம் பிசியோதெரபிப் பெண் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "எவ்வளவு வந்துடுச்சு சார்!" என்றாள். பிலோமினா தரையைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவருக்கு அத்துப்படி. டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை.

அப்படியானால் கை தேறவில்லை. தேறப்போவதும் இல்லை. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். இவள் நேர்நேராகப் பின்னிவைத்து, எல்லாம் சரியாகிவருவதாக நம்பவைக்கிறாள்.

இன்று காலை, நிறுத்திய இடத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவைத்தார். பல்லால் கடித்து இறுக்கினார். வெளியே தெரியாமல் பின்பக்கம் தள்ளிவிட்டார்.

செருப்புச் சத்தம்.

மூச்சைச் சீராக விட்டார். பர்த்தில் தூங்குவதாக நடிப்பவர்கள் இமையை இறுக்கி மூடுவார்கள். அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அவர் இறுக்கவில்லை. ஒரு கீற்று வெளிச்சம் விட்டுவைத்தார்.

அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப்போட்டாள். கண்ணாடியை மாட்டினாள். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்துவைத்தாள். ஒலி இல்லாத வீடியோவில் யாருடைய விரல்களோ ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தன.

பின்னலை எடுத்தாள்.

அகப்பட்டாள்.

அவள் ஊசியைக் கரண்டி மாதிரி பிடித்தாள். நூலைச் சுற்றினாள். விட்டாள். போனைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். இழுத்தாள். வரவில்லை. நுனிநாக்கு உதட்டோரம் எட்டிப் பார்த்தது. போட்டதை உருவினாள். மறுபடி போட்டாள். "ஏசுவே" என்று காற்றுக்குச் சொல்லிக்கொண்டாள்.

நூலை அவள் இறுக்கிக்கொண்டே போனாள். அவ்வளவு இறுக்கினால் அடுத்த கண்ணிக்குள் ஊசி நுழையாது.

இது தனக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

ஒரு வரிசை முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். பின்னலை எடுத்த இடத்திலேயே, கிடந்த மாதிரியே வைத்தாள். கொடியில் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பின்னலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு நூலைத் தேடிப் பிடித்தார்.

அதற்கு மேலே இருந்தது அவள் இப்போது போட்டது.

கோணல்.

அதற்குக் கீழே இருந்தது காலையில் அவர் போட்டது. நேர்.

கண்களைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அப்படியே கீழே கீழே இறங்கினார்.

துணிகளை அணைத்துப் பிடித்தபடி அவள் நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"இத யாரு போட்டது?" என்றார். ரயில் பெட்டிக்குள் டிக்கெட் கேட்கிற பழைய குரல் வந்துவிட்டது.

அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்படியே கெடந்தா நீங்க விட்டுருவீங்களோன்னு பயந்துட்டேங்க. கொஞ்சம் வளந்திருந்தா மறுநாளும் எடுப்பீங்கல்ல." துணிகளை மாரோடு இன்னும் சேர்த்துக்கொண்டாள். "எனக்கு உங்க அளவுக்கு வரமாட்டேங்குது."

அவர் தொண்டையைக் கனைத்தார். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.

அவர் ஊசியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நூல இறுக்காத பிலோ. இங்க பாரு."

அவள் நூலைப் பார்க்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.