பதினாறாவது எபிசோடு

"அந்த ஆயா வாயை மூடணும், இல்ல என்னை வேற வார்டுக்கு மாத்தணும். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே நடக்கணும்."

கும்ரான் இப்படிச் சொன்னதும் தலைமை நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். என்ன தகராறு, வேளைக்குச் சாப்பாடு தரவில்லையா, உடம்பு துடைத்துவிடவில்லையா என்று கேட்டாள். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. டி.வி. நாடகத்தின் முடிவை அந்த ஆயா முன்னாலேயே சொல்லிவிட்டாள், அதுதான் குற்றம்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கும்ரானுக்கு வரவில்லை.

கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸ் ஊறப்போட்ட உப்புத் தண்ணீரில் வழுக்கி, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஐந்து வாரமாகக் கிடக்கிறாள் அவள். கொரியாவில், குன்சான் ஊரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் ஆறு கட்டிலுக்கு ஒரே டி.வி., ஒரே ஆயா. மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை முள்ளங்கி சூப்போடு வந்து, சூப் ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவதால் நாடகத்தை மறுநாள் மத்தியானம் மறு ஒளிபரப்பில்தான் பார்க்க முடியும். வாரம் இரண்டு எபிசோடு, மொத்தம் பதினாறு. அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அது.

ஆயா சுன்ஜா முதல் எபிசோடிலிருந்தே நொட்டை சொல்கிறவள்தான். பெட்பேனைக் கையில் வைத்துக்கொண்டே டி.வி. முன்னால் நின்றுவிடுவாள். நாயகனைக் காட்டி, இந்தப் பையன் எதற்கு எப்போது பார்த்தாலும் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான், பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் இல்லையா என்பாள். மொட்டைமாடி ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறவளுக்குக் காட்சிக்கு ஒரு புதுக் கோட்டு எங்கிருந்து வருகிறது என்பாள். பையனின் அம்மா, என் மகனை விட்டுப் போய்விடு என்று நாயகியிடம் பண உறையை நீட்டியபோது, சுன்ஜா டி.வி.யைப் பார்த்து, "வாங்கிக்கடி, வாங்கிட்டும் காதலிக்கலாம்" என்றாள். வார்டே சிரித்தது.

கும்ரானும் விடுகிறவள் இல்லை.

"குறை இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா அந்தப் பையன் தப்பு பண்ணினா மன்னிப்புக் கேட்டு அழறான். அவளைப் பார்த்ததும் முதல்ல 'சாப்பிட்டியா'ன்னு கேக்கறான். என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷமா 'சாப்பாடு எங்க'ன்னுதான் கேட்டிருக்காரு."

அந்த வாதம் வரைக்கும் பொழுது நன்றாகத்தான் போயிற்று. பத்தாவது எபிசோடில் லாரி வந்தது. எல்லா நாடகத்திலும் பாதிக்கு மேல் வருகிற அதே லாரி. பையனை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் யோம் அம்மா கிடந்தாள். தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியாதவள். "இவன் பிழைச்சுக்குவானா?" என்று மெல்லக் கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், சுன்ஜா முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டாள். நாடகம் எடுக்கிற இடத்தில் நடிகைகளுக்குத் தலை வாரிவிடுகிற அவளுடைய அக்கா மகள் சொன்னாளாம். பையன் பிழைத்துவிடுவான். பழசெல்லாம் மறந்துபோகும். நாயகி வைத்த சோயாக் குழம்பை ஒரு வாய் குடித்ததும் ஞாபகம் வந்துவிடும். கடைசி எபிசோடில் பார்லி வயலுக்கு நடுவே கல்யாணம். பண உறையை நீட்டிய அதே மாமியார் மருமகளுக்குத் தன் கையால் ரிப்பன் கட்டிவிடுவாள்.

கும்ரான் விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னும் ஆறு எபிசோடு இருக்கிறது, இனி எதற்காக அதைப் பார்ப்பது? அதனால்தான் இந்தப் புகார்.

நர்ஸ் ஜன்னல் கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பேசச் சொல்கிறேன் என்றாள்.

சொல்லியிருப்பாள் போல. அடுத்த வாரம் சுன்ஜா வார்டில் வாயே திறக்கவில்லை. ஆனால் நாடகம் ஓடும்போது யோம் அம்மாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். யோம் அம்மா டி.வி.யைப் பார்க்கக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். தன்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்பதில் கும்ரானுக்குச் சந்தேகமே இல்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். சுன்ஜா திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் குனிந்தாள். இவள் இன்னும் கூட்டினாள்.

பன்னிரண்டாவது எபிசோடு முடிந்த மறுநாள் விடியற்காலையில் யோம் அம்மா போய்விட்டாள். சுன்ஜா விரிப்பை உருவி மடித்து வைத்தாள்.

கடைசி எபிசோடும் வந்தது. பையன் பிழைத்திருந்தான், ஆனால் ஞாபகம் திரும்பவே இல்லை. துறைமுகத்தில் அவளை யாரோ எவரோ என்று பார்த்து, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான். குழம்பும் இல்லை, ரிப்பனும் இல்லை, பார்லி வயலும் இல்லை.

வந்த ஆத்திரத்தில் கும்ரானுக்கு இடுப்பு வலிகூட மறந்துபோயிற்று.

"உன் அக்கா மக சொன்ன லட்சணம் இதுதானா? கல்யாணம் நடந்துச்சா? வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, மூணு வாரமா என் நிம்மதியைக் கெடுத்துட்டியே."

சுன்ஜா துண்டைப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டாள்.

"எனக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது அக்கா. யோம் அம்மா பத்து நாள் தாங்கினாப் பெரிசுன்னு லாரி வந்த அன்னைக்குக் காலையிலதான் டாக்டர் சொன்னாரு. பதினாறாவது எபிசோடை அவங்க எங்க பார்க்கப் போறாங்க? அதான் நானே கல்யாணத்தைப் பண்ணி வச்சுட்டேன்."

துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"கடைசி நாள், ரிப்பன் என்ன கலர்னு கேட்டாங்க. நீங்க வச்ச சத்தத்துல, ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு."