சராசரி வேகம்

“அந்த முட்டியை வெச்சுக்கிட்டு மலையில இருந்து சறுக்கப் போறியா? மீட்புக் குழுவுக்கு இப்பவே சொல்லிடவா, இல்ல நீ விழுந்த பிறகு சொன்னாப் போதுமா?”

நிலவறையில் பனிச்சறுக்குப் பலகைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் காசியன் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவருடைய நகைச்சுவைக்கு அந்த வீட்டில் சிரிக்கும் ஒரே ஆள் அவர்தான்.

“விழுந்த பிறகே சொல்லு. சும்மா இருக்கிறவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்?” என்றாள் பூர்கி.

முட்டியில் அறுவைசிகிச்சை ஆனதிலிருந்து ஆறு வருஷமாக அவள் பலகையில் கால் வைக்கவில்லை. இனிமேல் சறுக்கலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். காசியன்தான் சொல்லவில்லை. டைரோல் மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர் சறுக்குச் சங்கத்தில் அவர் பெரிய புள்ளி. டாக்டரெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

பெரிய புள்ளியானது சங்கத்தின் ஆண்டுப் போட்டியால். அதில் வேகமாக வருபவருக்குப் பரிசு கிடையாது. எல்லாருடைய நேரத்தையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். அந்தச் சராசரிக்கு மிக நெருக்கமாக வந்தவருக்கே மரக்கோப்பையும் ஒரு முழுப் பன்றியும். யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது, யார் புதுப் பலகை வாங்கியிருக்கிறார், யாருக்கு முதுகு பிடித்திருக்கிறது என்று காசியன் மாதக்கணக்கில் துப்பறிவார். ஐந்து வருஷமாகக் கோப்பை அவரிடம்தான் இருக்கிறது. சராசரியாக இருப்பதற்கு இவ்வளவு பெருமைப்பட்ட மனிதரை எங்கள் பள்ளத்தாக்கு கண்டதில்லை.

போட்டியன்று, கம்பிவடத்தில் தொங்கும் லிஃப்டில் மலைமேலே போகும்போதும் அவர் வாய் ஓயவில்லை.

“கடைசி நேரத்துல பேர் குடுத்தே. கடைசி நம்பர் கிடைச்சிருக்கு. உனக்கு ரொம்பப் பொருத்தம்.”

“எனக்கும் அதான் வசதி.”

“பனி உருகறதுக்குள்ள கீழ வந்துடுவியா?”

“பாக்கலாம்.”

“பயமா இருந்தா மெதுவாவே வா. ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், நான் தாங்கிக்கிறேன்.”

“மெதுவா வரலாம்னு நீயே சொல்றியா?”

“தாராளமா வா மகாராணி!”

பூர்கி கீழே தெரிந்த சரிவைப் பார்த்தாள். வழிநெடுக நட்டிருந்த கொடிக்கம்பங்களில் ஒன்றைச் சுற்றாமல் தவறவிட்டாலோ, விழுந்துவிட்டாலோ ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். இன்று ஒருநாள் மட்டும் இந்த முட்டி ஒழுங்காக இருந்தால் போதும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள்.

காசியன் தன் முறை வந்ததும் அழகாக இறங்கினார். கடைசி வளைவில் வேண்டிய அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து, திருப்தியோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் தொப்பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடை மெல்கியோர் வந்து சேர்ந்தார்.

“என்ன மெல்கியோர், வழியில தூங்கிட்டியா?”

மெல்கியோர் மூச்சு வாங்கியபடி பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாகப் பூர்கி புறப்பட்டாள். பலகைகளின் முனைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, குழந்தைகள் முதல் நாள் பழகுவது போல இறங்கினாள். ஒவ்வொரு கொடியையும் ஒழுங்காகச் சுற்றினாள். நடுவில் நின்று பூட்ஸை இறுக்கினாள். ஓரத்தில் நின்றிருந்த தபால்காரரிடம் அவர் மகளின் பிரசவத்தைப் பற்றி விசாரித்தாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் காசியன். பிறகு அவர் மனம் கணக்குப் போட்டது. சிரிப்பு அப்படியே உறைந்தது.

“பூர்கி! நேரா விடு! வேகமா வா!”

“நீதானே மெதுவா வரச் சொன்னே?” மேலேயிருந்து குரல் வந்தது.

“ஏதாவது ஒரு கொடியை விட்டுடு! இல்லாட்டி விழுந்தாவது தொலை!”

கட்டிய மனைவி விழவேண்டும் என்று கணவர் ஊரறியக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. கடைசிக் கொடிக்குப் பக்கத்தில், உறைந்து வழுக்கிய இடத்தில், பூர்கியின் கால் நிஜமாகவே விலகியது. காசியனின் முகம் மலர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தடியை ஊன்றி நிமிர்ந்து, கொடியைச் சுற்றி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டாள்.

காசியன் சங்கத் தலைவர் ஃபிடேலிஸிடம் ஓடினார்.

“இதைக் கணக்குல சேர்க்கக்கூடாது! இது சறுக்கே இல்ல, ஊர்வலம்!”

“விழல, ஒரு கொடியையும் விடல. அப்புறம் எப்படிச் சேர்க்காம இருக்கிறது?” என்றார் ஃபிடேலிஸ்.

கூட்டிப் பார்த்தார்கள். சராசரி எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. அதற்கு மிக நெருக்கமாக நின்றவர் மெல்கியோர். தான் எதையோ ஜெயித்துவிட்டதை நம்ப முடியாமல் அவர் விழித்தார்.

“அஞ்சு வருஷக் கோப்பை! ஒரு முழுப் பன்றி! பயந்து பயந்து வந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டியே!” காசியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பூர்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த முகத்தில் பயத்தின் சாயலே இல்லை. கணவரைத் தாண்டிப் போய் மெல்கியோரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“வாழ்த்துகள் மெல்கியோர்! ஜெயிச்சவங்க வீட்டுலதானே ராத்திரியே அந்தப் பன்றியைச் சமைச்சு மொத்தச் சங்கத்துக்கும் விருந்து போடணும்? அஞ்சு வருஷமா இவரு ஜெயிச்சாரு, நான் அடுப்படியில வெந்தேன். இன்னைக்கு முதல் பந்தியிலேயே எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்க.”